வண்டி நன்றாக ஓடுகிறது, மாப்பிள்ளை

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, நிறைமாதமாக இருக்கும் உங்கள் மனைவி மூவரும் சுகம். நான்காவதாக உங்கள் கார். அதன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே, "மெக்கானிக் எங்கே மாமா?" என்பீர்கள். அந்தக் கேள்வியைத் தாங்கும் நெஞ்சு எனக்கில்லை.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது, "டைமிங் பெல்ட் தேஞ்சிருக்கு மாமா, நடுவழியில அறுந்தா இஞ்சினே போயிடும், பிரசவத்துக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட குடுத்து மாத்திடுங்க" என்று புது பெல்ட்டையும் கையில் கொடுத்துப் போனீர்கள். தலையாட்டினேன். ஆனால் நாற்பது வருஷம் தையல் மிஷின் பழுதுபார்த்தவனுக்கு பெல்ட் என்ன புதுசா என்று ஒரு திமிர் வந்து, நானே மூடியைக் கழற்றிவிட்டேன். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டிலும் குறி. குறிகள் நேராக நின்றால்தான் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று முட்டாதாம், ஒரு பல் தவறினாலும் போச்சாம். இதை, கழற்றிய பிறகுதான் கார் கையேட்டில் படித்தேன்! பழைய பெல்ட்டில் உங்கள் மனைவியின் வெள்ளை நகப்பூச்சால் குறி வைத்து, சாப்பாட்டு மேசையில் புதுசைப் பக்கத்தில் போட்டுப் பல் எண்ணினேன். நாற்பத்தேழு என்கிறபோது உங்கள் அத்தை, "ஏங்க, மேசை சாப்பிடறதுக்கா, பெல்ட்டுக்கா?" என்றாள். மறுபடி ஒன்று. அறுபத்திரண்டில் உங்கள் மனைவி, "அப்பா, அவருக்குப் போன் பண்ணட்டுமா?" மறுபடி ஒன்று. ஒருவழியாகப் புதுசிலும் குறி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மேசை பளிச்சென்று இருந்தது. பெல்ட் இரண்டும் நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மினுமினுத்தது, மற்றது கரியாக இருந்தது. மினுமினுப்பதை எடுத்து, குறிக்குக் குறி சேர்த்து மாட்டி, ஸ்பேனரால் இஞ்சினை இரண்டு சுற்று கையாலேயே சுற்றிப் பார்த்தேன். குறிகள் அச்சாக நின்றன. ஆனாலும் சாவியைத் திருக இரண்டு நாள் தைரியம் வரவில்லை. இன்று காலை உங்கள் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வலி வந்தா ஆட்டோலதானா?" என்று கேட்டதும் கண்ணை மூடித் திருகிவிட்டேன். பூனை உறுமுகிற மாதிரி ஓடியது, மாப்பிள்ளை! உங்கள் அத்தைகூட, "பரவாயில்லையே" என்றாள். முப்பது வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

ஆகவே புது பெல்ட்டை நம்பி நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்து சேர, நீங்கள் சீக்கிரம் வந்து பார்க்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மனைவி, பழைய பேப்பர் கட்டை ஆட்டிக்காட்டி, "அப்பா, இதைக் கட்டியிருக்கிற பெல்ட்டுல கடை ஸ்டிக்கர் இன்னும் இருக்கே?" என்றாள். உங்கள் அத்தையைப் பார்த்தேன். "ஒண்ணு ரொம்ப அழுக்கா இருந்துச்சு, சோப்புப் போட்டுத் தேச்சு வச்சேன். ஏன், தப்பா?" என்றாள். பல் எண்ணும்போது புதுசைக் கரியாக்கியது என் கிரீஸ் கைதான். எனவே மேலே 'புது' என்று வரும் இடத்தில் 'பழைய' என்றும், 'நிம்மதி' என்று வரும் இடத்தில் எதுவும் இல்லாமலும் படிக்கவும். உடனே கூப்பிட்டேன், மெக்கானிக் வந்துவிட்டார். மூடியைத் திறந்தவர், "யாரு சார் மாட்டுனது? டைமிங் ஒரு பல் பிசகலையே!" என்றார். அந்த ஒரு வரியை மட்டும் இருந்தபடியே படிக்கவும்.