யாதொரு வில்லங்கமும் இல்லை

பூமியைப் படைத்தது ஆண்டவன் என்பதில் தூத்துக்குடிக்காரர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, நான்கு எல்லை காட்டி, முத்திரைத்தாளில் ஏற்றி மனிதனுக்குச் சொந்தமாக்கியவர் பத்திர எழுத்தர் கிருபாநிதி. 1974-ல் அந்த ஊரில் கைமாறிய மனைகளில் பாதி அவருடைய பேனா வழியாகத்தான் கைமாறின.

எழுத்து முத்து முத்தாக இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது. "புத்திர பௌத்திர பாரம்பரியமாக, சர்வ சுதந்திர பாத்தியமாக" என்று அவர் வாசித்துக் காட்டினால், மூன்று சென்ட் முள்ளுக்காடு வாங்கியவன்கூட ஒரு நாட்டைப் பிடித்த மாதிரி நிமிர்ந்து உட்காருவான்.

அந்த வருடம் எழுத்தர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவர் 'வழிகாட்டுரை' ஆற்றினார்.

"பத்திரம் எழுதுதவன் நெலத்தப் பாக்கப் போகப்படாது. பாத்தா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா கை நடுங்கும். கை நடுங்குனா அடித்தல் திருத்தல் வரும்."

"வில்லங்கம் போட்டுப் பாக்க வேண்டாமா அண்ணாச்சி?" என்று ஒருவர் பயந்துகொண்டே கேட்டார்.

"விக்குதவனே 'யாதொரு வில்லங்கமும் இல்லை'ன்னு கையெழுத்துப் போடுதான். அதுக்கு மேல ஆபீஸ்ல போயி வெசாரிச்சா, அவனை நம்பலைன்னுல்லா அர்த்தம்? ஒரு மனுசனை அப்படி அவமானப்படுத்தலாமா?"

மனித மாண்புக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் தொழில் வேறு எதுவும் இல்லை என்று கூட்டம் கைதட்டியது.

இந்த உயர்ந்த நெறிப்படிதான் ஆறுமுகத்தாய்க்கும் அவர் பத்திரம் எழுதினார். அவள் கொற்கைக்காரி. மகனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும், தன் பங்கு வயலை விற்று, மாப்பிள்ளையூரணியில் ஐந்து சென்ட் மனையை நேரில் பார்க்காமலே வாங்கினாள். விற்றவன் செந்தூர்பாண்டி, மனை வாங்கி விற்கிறவன். கிருபாநிதி பத்திரத்தை வாசிக்க வாசிக்க, படிக்கத் தெரியாத ஆறுமுகத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு இனி வயல் இல்லை. அந்தக் காகிதம்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து வேலி போடப் போனவள், போன வேகத்தில், பதிவு அலுவலக வாசலில் எழுத்தர்கள் வரிசையில் இருந்த அவருடைய மேசைக்கு வந்தாள். கூடவே இன்னொரு பெண்.

"அண்ணாச்சி, எம் மனையில இந்தப் பிலோமி வீடு கட்டி, ரெண்டு பிள்ளையளோட குடியிருக்கா!"

"எம் மனையில நான் குடியிருக்கேன்" என்று பிலோமி தன் பத்திரத்தை நீட்டினாள்.

கிருபாநிதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வடக்கே ரோச் என்பவரது பனங்காடு, தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே உப்பளம், மேற்கே ஓடை. இரண்டையும் விற்றவன் செந்தூர்பாண்டி. இரண்டையும் எழுதியவர் கிருபாநிதி. பிலோமியுடையது பதினான்கு மாதம் முந்தியது. வேறொருவருக்கு வியர்த்திருக்கும். அவருக்கோ மெய்சிலிர்த்தது.

"பாத்தியளா? ரெண்டுலயும் ஒரு எழுத்து மாறல!"

"எழுத்தும் மாறல, நெலமும் மாறல. அதான் அண்ணாச்சி சண்டையே" என்றாள் பிலோமி.

"அப்ப வித்தவனைப் பிடிங்க."

"அவன் வீட்டுல பூட்டுத் தொங்குது. எங்க போனான்னு ஒருத்தருக்கும் தெரியல."

கிருபாநிதி பேனாவை எடுத்தார். "ஒண்ணும் கவலைப்படாதீய. ஒரு பிழைதிருத்தல் பத்திரம் போட்டுருவம். 'கிழக்கே உப்பளம்'னு இருக்கதை 'கிழக்கே உப்பளம் உள்பட'ன்னு ஆக்கிட்டா, ஆறுமுகத்தாய்க்கும் அஞ்சு சென்ட் கெடைச்சிரும்."

"உப்பளம் வேற ஆளுக்குச் சொந்தமுல்லா?"

"அதை ஏம்மா போயிப் பாக்கிய?"

ஆறுமுகத்தாய் நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டு மனைக்கு ஆரு பத்திரம் எழுதுனது?"

பேச்சு மாறியதில் அவருக்கு நிம்மதி. தொழில் பெருமையும் சேர்ந்துகொண்டது.

"நானேதான்! முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தேன். முன்பத்திரம் மூணையும் வக்கீல்ட்டக் காட்டுனேன். சர்வேயரைக் கூட்டிட்டுப் போயி சங்கிலி பிடிச்சு அளந்தேன். அக்கம்பக்கத்துல வெசாரிச்சேன். மழை பெஞ்ச மறுநாளு போயி, தண்ணி நிக்குதான்னு வேற பாத்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான், பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றுவிட்டதைக் கவனித்தார். யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தேடினார், கை நடுங்கியது.

"ஒங்களுக்கு நெலத்தப் பாக்கத் தெரியும். எங்க நெலத்தத்தான் பாக்கல" என்று ஆறுமுகத்தாய் எழுந்தாள்.

வழக்கு மூன்று வருடம் நடந்தது. பிலோமியின் வீடு பிலோமிக்கே நின்றது. ஆறுமுகத்தாய் செந்தூர்பாண்டியோடு கிருபாநிதியையும் பிரதிவாதியாகச் சேர்த்திருந்தாள். "சொன்னதை எழுதினேன், மற்றபடி எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார் கிருபாநிதி. அவளுடைய வக்கீல் பதிவு அலுவலகத்தில் நகல் எடுத்து வந்த ஒரு பத்திரத்தை மட்டும் நீட்டினார். கிருபாநிதி தன் வீட்டு மனைக்குத் தானே எழுதிக்கொண்ட பத்திரம்.

நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். முன்பத்திர விவரம், வில்லங்க விவரம், சர்வேயர் அளவு என்று ஒன்றுகூடக் குறையவில்லை. இப்படியொரு பத்திரத்தை, தொழிலை ஐயந்திரிபறக் கற்றவரால்தான் எழுத முடியும் என்று தீர்ப்பில் எழுதினார். அரசாங்க முத்திரையோடு கிருபாநிதிக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

அவர் தெரியாமல் செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை.