ஃபர்னஸ் நைனுக்குச் சந்தனப் பொட்டு

தலையில் ஷாம்பு நுரையோடு முத்துக்கிருஷ்ணன் குளியலறையில் நின்றபோது, கூரியர்காரர் கேட்டில் நின்று அவர் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். துண்டைத் தேடி எடுப்பதற்குள் மனைவி கௌசல்யாவின் கொலுசுச் சத்தம் வாசலுக்குப் போய்த் திரும்பிவிட்டது. பார்சலைப் பிரிக்கிற சத்தமும் கேட்டது. இனி அவசரப்பட்டு ஆவதொன்றுமில்லை என்று அவர் நிதானமாகத் தலையை அலசினார்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் அவர் ஸ்டோர் கீப்பர். வயது நாற்பத்து நான்கு. பீடி கிடையாது, சீட்டு கிடையாது, வேறு வம்புதும்பும் கிடையாது. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டுகளைப் பெட்டியோடு வாங்கிச் சேர்ப்பது ஒன்றுதான் கெட்ட பழக்கம். திரையில் துப்பாக்கி மட்டும் தெரிய, நாமே ஓடி ஓடிச் சுடுகிற ரகம். அதிலும் நாலு பேருக்குப் பெயர் தெரிந்த விளையாட்டு என்றால் சீந்தமாட்டார். வந்த வாரமே படுத்துப்போய், செய்தவனே மறந்துபோன விளையாட்டாக இருக்கவேண்டும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆசாத், இதைப் பற்றி அவரிடம் பலமுறை மன்றாடியிருக்கிறான். வந்த காலத்திலேயே ஒருத்தரும் வாங்காததை இப்போது வாங்குவது செத்த பாம்பை அடிப்பது மாதிரி என்பான். இதைவிட நல்ல விளையாட்டெல்லாம் போனில் சும்மாவே கிடைக்கிறது என்பான். "ஊரே வாங்குறதை வாங்க நான் எதுக்கு அப்பு?" என்பார் முத்துக்கிருஷ்ணன். அத்தோடு விவாதம் முடிந்துவிடும்.

இப்படிச் சேர்ந்தவை முப்பத்தேழு பெட்டிகள். பீரோவின் மேல் தட்டில் அடுக்கியிருந்தார். அவற்றில் ஒன்றைக்கூட அவர் விளையாடியதில்லை. அவருடைய லேப்டாப்பில் சிடி போட வழியே இல்லை. ரிடையர் ஆனபிறகு உட்கார்ந்து விளையாடுவதாகத் திட்டம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பீரோவைத் திறந்து, பெட்டிகளின் முதுகைப் பார்த்துவிட்டு மூடுவார். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பங்குனியில் கௌசல்யா ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தாள். இன்னும் ஒரு பெட்டி வாசற்படி தாண்டினால், இருக்கிற அத்தனையும் பழைய இரும்புக்காரருக்குப் போகும். அவள் சொன்னால் செய்கிறவள். அவர் ஏறாத உடற்பயிற்சி சைக்கிளை அப்படித்தான் ஒருநாள் அனுப்பினாள். அது போனதே அவருக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் தீர்ப்பிலிருந்து பார்சல்களை ஆசாத்தின் கடைக்கு வரவழைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பார்த்து ஆசாத் கடையைச் சாத்திவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். கூரியர்காரர் வீட்டைத் தேடி வந்துவிட்டார்.

முத்துக்கிருஷ்ணன் வெளியே வந்தபோது கௌசல்யா பெட்டியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஃபர்னஸ் நைன்' என்று மேலே எழுதியிருந்தது. ஹெல்மெட் போட்ட ஒருவன் கையில் பெரிய குழாய் ஒன்றைப் பிடித்து நின்றான். பின்னால் ஒரே நெருப்பு. நெருப்புக்கு நடுவில் கொம்பும் பல்லுமாக ஒருவன்.

"என்னங்க இது?"

"மில்லு சாமான்."

"மில்லு சாமானுக்கு எதுக்குங்க ஊட்டு அட்ரஸு?"

"நாளைக்கு ஆயுத பூசை, மில்லு லீவு. வாங்கி வைக்க ஆளு வேணும்ல."

அவள் பெட்டியைத் திருப்பினாள். அப்படி என்ன சாமான் என்று அடுத்த கேள்வி வருமுன் முத்துக்கிருஷ்ணன் ஒரு பதிலைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பஞ்சு மில்லில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவருக்கு நெருப்பைப் பார்த்ததும் ஒன்றுதான் தோன்றும்.

"தீ விபத்துப் பயிற்சி. கம்ப்யூட்டர்ல போட்டு எல்லாருக்கும் சொல்லித்தரணும். ஹெல்மெட்டு போட்டுருக்கான் பாரு, அவன் தீயணைப்புக்காரன். கையில இருக்கது ஓஸு பைப்பு."

"இந்தக் கொம்பு வெச்சவனுங்க?"

"அவன்தான் தீ."

கௌசல்யா செத்த நேரம் கொம்பு வைத்தவனை உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் மில்லுக்காரர்கள் இவரை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்து அவள் பார்த்ததில்லை. உடனே தொப்பம்பட்டியில் இருக்கும் தன் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவரும் சந்தோஷப்பட்டு, பூஜைக்கு நாளைக்கு வருவதாகச் சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று முத்துக்கிருஷ்ணன் நினைத்துக்கொண்டார். பாவம்.

மறுநாள் காலை அவர் கூடத்துக்கு வந்தபோது பூஜை தயாராக இருந்தது. அரிவாள்மணை, தையல் மெஷின், ஸ்கூட்டர் சாவி எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையில் இருந்தன. மிக்சி, பிரிட்ஜ், பீரோவுக்கும் பொட்டு. நட்டநடுவில் வாழையிலையின் மேல், பெட்டியை விட்டு வெளியே வந்து, ஃபர்னஸ் நைன் மல்லாந்து கிடந்தது. அதன் பளபளக்கிற பக்கத்தில் விரல் தடிமனுக்கு மூன்று சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம்.

உலகத்திலேயே நூறு பிரதிகூட மிஞ்சாத விளையாட்டு என்று விற்றவன் எழுதியிருந்தான். முத்துக்கிருஷ்ணனால் வாய்விட்டு அழவும் முடியாது, அது மில் சாமான்.

"எழுத்து இருக்க பக்கத்துல வெச்சிருக்கலாம்ல?"

"மின்னறதுதானுங்களே மூஞ்சி?" என்றாள் கௌசல்யா. எழுத்து இருப்பது முதுகு என்பது அவள் கணிப்பு. மேலும், பூஜையில் வைத்த எதையும் மறுநாள் மறுபூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்பதையும் நினைவூட்டினாள்.

பொரி கடலை வாங்கிப்போக அடுத்த தெரு சோலைமுத்து வந்தார். அதே மில்லில் சேஃப்டி ஆபீசர். யாருக்கும் தெரியக் கூடாது என்று முத்துக்கிருஷ்ணன் நினைத்திருந்த முதல் ஆள் அவர்தான். கௌசல்யா அவர் உட்காருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். தீ விபத்துப் பயிற்சிக்கு இவரைப் போட்டிருக்கிறார்களாமே என்று பெருமையாக விசாரித்தாள்.

சோலைமுத்துவின் வாயில் இருந்த பொரி அப்படியே நின்றது. "தீ விபத்துக்கு நானு ஒருத்தன் இருக்கேன். எனக்குத் தெரியாம எவன் வாங்குனது?"

முத்துக்கிருஷ்ணன் அவரைத் தோளோடு அணைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வேறு வழி தோன்றவில்லை. மில் வாங்கவில்லை, நானே சொந்தக் காசில் வாங்கினேன், உங்களுக்குப் பூஜையன்று கொடுக்கலாம் என்று இருந்தேன் என்றார். சொல்லி முடித்த பிறகுதான், கையில் இருந்த ஒரே பிரதியைத் தானமாகக் கொடுத்துவிட்டோம் என்பது உறைத்தது.

சோலைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சுக் குடோன் பக்கம் பீடி பிடிக்காதே என்று பதினாறு வருடமாகக் கத்துகிறார், கேட்க நாதியில்லை. அவருக்காக ஒருவன் சொந்தக் காசைப் போட்டிருக்கிறான். "ஏப்பா, கூடப் பொறந்தவன்கூடச் செய்யமாட்டான்," என்று கையைப் பிடித்துக்கொண்டவர், அதை இப்போதே போட்டுப் பார்த்துவிடுவோம் என்றார்.

வீட்டு லேப்டாப்பில் சிடி போட வழியில்லை என்று முத்துக்கிருஷ்ணன் வருத்தப்பட்டார். மில் கழித்துப்போட்ட பழைய லேப்டாப் தன்னிடம் இருக்கிறது என்று சோலைமுத்து ஓடிப்போய் எடுத்துவந்தார். பூஜையில் வைத்ததை இன்றைக்கு எடுக்கக் கூடாதே என்று முத்துக்கிருஷ்ணன் பக்தியோடு சொன்னார். "ஆபீசரே கேக்கறாருங்க. நாலு உசுரைக் காப்பாத்தற காரியம். சாமி ஒண்ணுஞ் சொல்லாது," என்று கௌசல்யா சூடம் காட்டி, சிடியை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, முந்தானையால் இன்னொரு தரம் துடைத்துக் கொடுத்தாள்.

தான் வாங்கிய விளையாட்டு ஓடக் கூடாது என்று முத்துக்கிருஷ்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார். அது ஓடியது. ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடியது.

இருட்டு வராந்தா ஒன்று வந்தது. நெருப்பு எரிந்தது. குழாய் கீழிருந்து எழும்பி நின்றது. சோலைமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு எந்தப் பட்டனை அமுக்கவேண்டும் என்று கேட்டார். அவராகவே ஒன்றை அமுக்கினார். குழாயிலிருந்து மஞ்சளாக என்னவோ பாய்ந்தது.

"நுரையா?"

"நுரைதான்."

கொம்பு வைத்தவன் மூலையிலிருந்து பாய்ந்து வந்தான். தீ இப்படித்தான் எதிர்பாராமல் வரும் என்று முத்துக்கிருஷ்ணன் விளக்கினார். சோலைமுத்து பதறிப்போய் நுரை அடித்தார். கொம்பு வைத்தவன் அலறிக்கொண்டு விழுந்தான். சுவர் முழுக்கச் சிவப்பாகத் தெறித்தது.

சோலைமுத்து கையை எடுத்தார். திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஏப்பா, தீயில ரத்தம் வருமா?"

கௌசல்யாவும் குனிந்து பார்த்தாள். முத்துக்கிருஷ்ணனுக்கு அடுத்த பொய் வரவில்லை. வந்த வரைக்கும் போதும் என்று நாக்கே மறுத்துவிட்டது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இது விளையாட்டு, முப்பத்தெட்டாவது பெட்டி, பயிற்சியாவது மண்ணாவது என்றார்.

கௌசல்யா இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் பார்வை பீரோவுக்குப் போய்த் திரும்பியது. முத்துக்கிருஷ்ணன் அவள் பக்கம் ஓரடி வந்தார்.

"எனக்கும் தெரியும், இதுல ஒண்ணும் இல்ல. ஆசாத்து சொல்றது அம்புட்டும் நெசம். ஆனா இதை எங்கயோ நாலு பேரு ராத்திரி பகலா ஒக்காந்து செஞ்சிருப்பாங்க. எவனும் வாங்கல. ஒருத்தனாச்சும் பத்திரமா வெச்சிருக்கட்டுமேன்னுதான். இதைக் குப்பையில போடு, நான் கேக்கல. அந்த முப்பத்தேழை மட்டும் விட்டுரு கௌசி. இனிமே ஒண்ணுகூட வாங்க மாட்டேன்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. என்னவோ போல அவள் முகம் மாறியது. தரையைப் பார்த்தாள், பிறகு சுவரில் சாமி படத்தைப் பார்த்தாள். "செரி, உடுங்க. இருக்கறது இருக்கட்டும்," என்று மெல்லச் சொன்னாள்.

சொன்னால் செய்கிறவள், சொன்னதைச் செய்யாமல் விட்டுவிட்டாள். முத்துக்கிருஷ்ணனுக்கு நெஞ்சு நிறைந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள்மேல் இவ்வளவு பிரியம் வந்ததாக அவருக்கு நினைவில்லை.

இதற்கிடையில் சோலைமுத்து மூன்று வராந்தாக்களைத் தாண்டியிருந்தார். அவருக்குக் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. இது மாதிரி வேறே இருக்கிறதா என்று திரையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். முத்துக்கிருஷ்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் சேகரிப்பைப் பார்க்க ஒரு மனிதர் வந்துவிட்டார். இதைவிட நல்லது இரண்டு மூன்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பீரோவைத் திறக்கப் போனார்.

கௌசல்யா குறுக்கே வந்து நின்றாள். பொட்டு வைத்த பீரோவை மறுபூஜை போடாமல் திறக்கக் கூடாது என்றாள். சற்று முன் சிடியை எடுக்கவில்லையா என்று அவர் கேட்டார். சிடி வேறே, பீரோ வேறே என்றாள். சாஸ்திரம் அவளுக்குத்தான் தெரியும் என்று அவர் விட்டுவிட்டார்.

சோலைமுத்து மனமில்லாமல் சிடியைத் திருப்பிக் கொடுத்து, லேப்டாப்பை மூடிக்கொண்டு, பொரியையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஃபர்னஸ் நைனைக் கையில் வைத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை முத்துக்கிருஷ்ணன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். தொப்பம்பட்டியிலிருந்து மாமனார் பொன்னழகு ஒரு மூட்டை மக்காச்சோளக் கதிரோடு உள்ளே வந்தார். கௌசல்யா ஓடிப்போய், முதலில் கொல்லைப்பக்கம் போய்க் கை கால் கழுவிவிட்டுக் காப்பி குடிக்கும்படி அவசரப்படுத்தினாள். அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளை கையிலிருந்த சிடியை வாங்கி, ஜன்னல் வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பி, அது மின்னுகிற அழகைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"ஏனுங்க மாப்ள, பொட்டியெல்லாம் இங்கயே இருக்கட்டும்னு உள்ள இருந்த முப்பத்தேழு சீடிய மட்டும் ஆடியில கௌசி குடுத்துவுட்டாளே, அதைய மக்காச்சோளக் காட்டச் சுத்திக் கட்டித் தொங்கவுட்டதுலருந்து ஒத்த மயிலு எட்டிப் பாக்கறதில்லீங்க, மேக்கால வரப்புல ஒண்ணே ஒண்ணு கொறையுது, இதையும் எடுத்துக்கட்டுங்களா?"