நர்ஸம்மாவுக்குப் போட்ட தடம்

ஏரிமேல் வண்டி ஓட்டாதீர்கள் என்று ஊர்க் கடை வாசலில் பலகை எழுதி மாட்டியவர் ரெய்யோதான். அந்த ஏரியின் நட்டநடுவில் தன் பனிவண்டியைச் சிக்கவைத்துவிட்டு, முழங்கால்வரை நனைந்து நின்றுகொண்டிருந்தவரும் அவரேதான்.

ஜனவரி என்றால் ஏரி பாறையாகக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. இப்போதெல்லாம் ஜனவரியில் மழை பெய்கிறது. மழைமேல் பனி கொட்டுகிறது. பனியின் பாரத்தில் உறைந்த தளம் அமுங்கி, விரிசல் வழியே தண்ணீர் ஏறி, வெள்ளைப் போர்வைக்கு அடியில் கூழாக நிற்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதையும் பலகையில் விளக்கமாக எழுதியிருந்தார்.

எல்லாம் நர்ஸம்மாவுக்காக. ஹிர்வாஸ் ஊர் சுகாதார நிலையம் பூட்டப்பட்டு இரண்டு வருஷமாயிற்று. பல்வலி, பிரஷர் எதுவானாலும் நகரத்துக்குத்தான் ஓடவேண்டியிருந்தது. ஓடிப் போனவர்களில் சிலர் அங்கேயே வீடு பிடித்துவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் ரெய்யோ போன் செய்தபோது, "ஒரு நர்ஸ் விசாரிச்சிருக்காங்க. பனிச்சறுக்குன்னா உயிராம்" என்றார் நகராட்சி அதிகாரி. ஊர்ச்சங்கத் தலைவருக்கு அது போதும். அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் விடியுமுன் பனிவண்டியை எடுத்து, காடெல்லாம் சுற்றிச் சறுக்குத் தடம் போட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பினார். நர்ஸம்மா என்றைக்கு வந்து பார்த்தாலும் தடம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்.

நாளை சனிக்கிழமை, ஊர்ச் சறுக்கு விழா. காலையில்தான் அதிகாரியிடம் மறுபடி கேட்டிருந்தார்.

"நாளைக்கு நர்ஸம்மா வருவாங்களா?"

"அங்கதானே? கண்டிப்பா இருப்பாங்க" என்று, இதற்கெல்லாமா போன் என்கிற குரலில் பதில் வந்தது.

நேற்றைய பனி தடத்தை மூடியிருந்தது. புதிதாகப் போடும்போது கொஞ்சம் அழகாகவே போடலாமே, ஏரி நடுவே போனால் மலை தெரியுமே என்று அவருக்கு ஆசை வந்தது. மலை தெரிந்தது. நின்று நிதானமாகப் பார்க்கும்படியாகத்தான் வண்டி நின்றிருந்தது.

வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். வண்டி அசையவில்லை, முதுகு அசைந்தது.

"குனிஞ்சு தூக்காதீங்க. முட்டியை மடக்குங்க."

சிவப்புக் குல்லாய் போட்ட பெண் சறுக்குக்கட்டைகளில் வந்து நின்றாள். ஏரிக்கு அக்கரையில் விடுமுறை வீடு எடுத்திருப்பவள். அடிக்கடி தடத்தில் எதிர்ப்படுவாள். இவர் தலையசைப்பார், அவளும் தலையசைப்பாள். மாதக்கணக்கில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். பெயர் கேட்கும் அளவுக்கு இன்னும் நெருங்கவில்லை.

"பழக்கம்தான்" என்றார் ரெய்யோ, முதுகைப் பிடித்துக்கொண்டு.

"தெரியுது" என்றாள் அவள். அவளும் ஒரு கை கொடுத்தாள். வண்டி இன்னும் கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்தது.

அவள் தன் வழியே சறுக்கிப் போனதும், ரெய்யோ கரைக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக் கலெர்வோவை அழைத்துவந்தார். கலெர்வோ தன் பனிவண்டியை ஏரிமேல் இறக்கினான். ஏரி அதையும் வாங்கிக்கொண்டது.

இரண்டு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

"பலகை எழுதினது யாரு?" என்றான் கலெர்வோ.

"சும்மா இருய்யா. ஒரு பக்கம் பிடி."

"முடியாது. பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பிரஷர் ஏறிக் கிடக்காம்."

யார் சொன்னது என்று கேட்க ரெய்யோவுக்கு வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டார். ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவர் கேட்பது அந்த ஊரில் அநாகரிகம். கேட்காத விஷயத்தைச் சொல்வது அதைவிட அநாகரிகம்.

"நாளைக்கு நர்ஸம்மா பார்க்கப் போற காட்சி இதுதானா? இதைப் பார்த்துட்டு எவளாவது இந்த ஊர்ல இருப்பாளா?"

கலெர்வோ அவரை ஒரு மாதிரி பார்த்தான். "இருப்பாங்க."

"எப்படிய்யா சொல்றே?"

"தோணுது."

அன்று மாலையே குளிர் மைனஸ் முப்பதுக்கு இறங்கியது. காலையில் பார்த்தால் வண்டிகள் இரண்டும் ஏரியோடு ஏரியாக இறுகி, யாரோ வீரர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் போல நின்றன. கடைக்கார ஐனி கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் மணிக்கட்டில் கச்சிதமாக ஒரு கட்டு. ரெய்யோ அதைக் கவனித்தார். நாகரிகமாகக் கவனிக்காதது போல் இருந்தார்.

"உங்க வண்டிக்கு மாலை போடணுமா ரெய்யோ?"

"போ, போய்க் கடையைப் பாரு."

வண்டி இல்லாமல் காட்டுத் தடத்தைத் திறக்க முடியாது. காலால் மிதித்தே கரையோரமாகக் குட்டித் தடம் ஒன்று போடுவதென்று முடிவு செய்தார். முதுகு ஒவ்வொரு அடிக்கும் ஆட்சேபம் தெரிவித்தது. கரையோரத்தில் பனி இறுகலாக, சமதளமாக, ஏற்கெனவே யாரோ நடந்து பண்படுத்திய மாதிரி ஓர் இடம் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்து அதன் குறுக்கே தடத்தைக் கொண்டுபோனார். யார் நடந்து பண்படுத்தியது என்று யோசிக்க அவரிடம் தெம்பு மிச்சம் இல்லை.

மதியம் ஊரே சறுக்குக்கட்டைகளோடு திரண்டது. கொடியைப் பிடித்துக்கொண்டு ரெய்யோ முன்னே போனார். சிவப்புக் குல்லாய் கூட்டத்தின் கடைசியில் வந்தது. தெரியாத முகம் ஏதாவது உண்டா என்று திரும்பித் திரும்பித் தேடினார். எல்லா முகமும் மூக்குவரை கம்பளிக்குள் இருந்தது.

அந்தச் சமதளத்தை நெருங்கியபோது, இடப்பக்கம் இருந்த ஆவிக்குளியல் அறையின் கதவு திறந்தது. நீராவியும் ஐனியும் வெளியே வந்தார்கள். ஐனி தலையில் கம்பளிக் குல்லாய் அணிந்திருந்தாள். மணிக்கட்டுக் கட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தாள். வேறு ஒன்றும் அணிந்திருக்கவில்லை. வலப்பக்கம், அவள் முங்குவதற்காக ஏரியில் வெட்டி வைத்திருந்த குழி காத்திருந்தது. ஊர்த் தடம் சரியாக இரண்டுக்கும் நடுவில் போயிற்று.

ரெய்யோ கண்ணை இறுக மூடிக்கொண்டார். கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அவர் விழ, அவர்மேல் கலெர்வோ விழ, ஊர்ப் பெரியவர்கள் பதவி வரிசைப்படி விழுந்தார்கள்.

"சனிக்கிழமை குளியல் நாள்னு தெரியாதா?" என்றாள் ஐனி, குவியலைச் சுற்றி நடந்தபடி.

"நர்ஸம்மா பார்க்கப் போறாங்க ஐனி, உள்ள போயேன்!"

"அவங்க பார்க்காததா!" என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள்.

"அப்ப வந்தாச்சா? இங்கயா இருக்காங்க?"

"இருக்காங்களே." முங்கி எழுந்து, அதே நிதானத்தோடு திரும்பி நடந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரெய்யோ கிடந்தபடியே தலையைத் திருப்பித் தேடினார். வந்திருக்கிறாள். வண்டிகளைப் பார்த்திருக்கிறாள். இந்தக் குவியலைப் பார்த்திருக்கிறாள். எழுந்திருக்கப் பார்த்தார்; முதுகு இனி ஒத்துழைப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவரைப் பார்க்காமலேயே தள்ளிப் போனார்கள்.

சிவப்புக் குல்லாய்க்காரி மட்டும் பக்கத்தில் மண்டியிட்டாள். கையுறையைக் கழற்றி இடுப்பை அழுத்திப் பார்த்தாள்.

"இங்கயா வலி?"

"அங்கதான்... ஐயோ. விடும்மா, முதுகு போனா போகுது. ரெண்டு வருஷமாப் பூட்டியே கிடக்கு அந்தக் கட்டடம். ஒரு நல்ல தடம் இருந்தா ஒருத்தியாவது தங்குவாளேன்னு நாய் மாதிரி அலைஞ்சேன். இந்த ஊர்ல எவனும் ஒரு கேள்விக்கு நேரா பதில் சொல்ல மாட்டான். நீங்க வெளியூர். நீங்களாவது சொல்லுங்க. இதையெல்லாம் பார்த்துட்டு ஒரு நர்ஸ் இங்க இருப்பாளா, மாட்டாளா?"

அவள் அவர் தலைக்கடியில் தன் சிவப்புக் குல்லாயை மடித்து வைத்தாள்.

"அக்டோபர்லேர்ந்து இருக்கேனேங்க, உங்க தடத்துலதான் வேலைக்கு வர்றேன், செவ்வாயும் வியாழனும் அந்தக் கட்டடத்துக் கதவைத் திறந்து வைக்கிறேன், ஊர்ல எல்லாரும் வந்து உடம்பைக் காட்டிட்டுப் போயாச்சு, நீங்க ஒருத்தர்தான் அந்த ரெண்டு நாளும் காட்டுக்குள்ள போயிடறீங்க."