கேள்வியர் பார்த்துவைத்த தூசிக்காரன்

எழுபதுகளில் மெல்பேர்னில் இருந்த எங்கள் சனத்தில், கேள்வியர் விசாரிக்காமல் ஒரு இறாத்தல் ஆட்டிறைச்சிகூட வாங்கியவர் கிடையாது. வீடு, கார், பல் வைத்தியர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எதுவானாலும் முதலில் அவருக்கு ஒரு போன் போகும். போன் போகாவிட்டால் அவரே வந்து வாசலில் நிற்பார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். டாண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலை. தனி ஆள். வெயிலோ மழையோ ஒரே மண்ணிறக் கோட்டு. ஊரில் மாப்பிள்ளை விசாரிக்கும் முறையை அப்படியே கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஒன்றும் அறியாத அவுஸ்திரேலியர்கள்மேல் பிரயோகித்து வந்தார்.

"சாமானைப் பாக்காதேங்கோ. விக்கிறவனைப் பாருங்கோ. ஆள் சரியெண்டால் எல்லாம் சரி." இதுதான் அவருடைய கொள்கை.

எனக்குப் பல்வலி வந்தபோது முதலில் அவர் தனியாகப் போய் வைத்தியரைப் பார்த்தார். பார்த்தார் என்றால், அந்த மனிதரை வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். "மற்றவன்ரை பல்லிலை கை வைக்கிறவர் தன்ரை பல்லை எப்பிடி வச்சிருக்கிறார் எண்டு பாக்கத்தானே வேணும், தங்கச்சி?" வைத்தியரும் திறந்து காட்டினாராம். அதுதான் அதிசயம். கேள்வியர் கேட்டால் வெள்ளைக்காரர் கோபப்படுவதில்லை. உன் தகப்பன் என்ன வேலை, தாய்க்கு என்ன வருத்தம், அண்ணன் தம்பி ஒற்றுமையோ என்று அவர் கேட்கக் கேட்க, வாழ்நாளில் ஒருவரும் தங்களிடம் இதைக் கேட்டதில்லை என்பதுபோல அவர்கள் கொட்டித் தீர்ப்பார்கள்.

நோபல் பார்க்கில் நாங்கள் ஒரு பழைய வீடு வாங்கினோம். தரைக்குக் கீழே தகரக் குழாய்கள் ஓடின. ஒவ்வொரு அறையிலும் தரையில் ஒரு சல்லடை மூடி. ஹீற்றரைப் போட்டால் அந்த மூடிகளுக்குள்ளால் சூடான காற்று வரும். முதல் குளிர்காலத்தில் காற்றோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. எங்களுக்கு முன்னிருந்தவர்கள் வளர்த்த நாய்களின் மயிர்.

என் மகன் ரவிக்கு அப்போது ஆறு வயது. இழுப்புக்காரப் பிள்ளை. ஹீற்றரைப் போட்டால் அவன் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கும். நிறுத்தினால் குளிரில் இருமுவான். "குழாயெல்லாம் துப்பரவாக்கும்வரை ஹீற்றரைத் தொடவேண்டாம்" என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

குழாய் துப்பரவாக்குகிறவர்கள் என்று ஒரு சாதி உண்டென்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். நான் போனைத் தூக்குமுன் கேள்வியர் வந்துவிட்டார். "பிள்ளையின்ரை மூச்சு விசயம், தங்கச்சி. கண்டவனையும் உள்ளுக்கை விடேலாது. என்னட்டை விடுங்கோ."

முதலில் வந்தவன் புத்தம் புதிய வான் வண்டியில் வந்தான். மற்றக் கொம்பனிகள் எல்லாம் கள்ளர் என்று சொன்னான். கேள்வியர் அவனை வாசலோடு அனுப்பிவிட்டார். "எங்களுக்கு முன்னாலை அவங்களைக் குறை சொல்லுறவன், அங்கை போய் எங்கடை வீட்டையும் சொல்லுவான்."

இரண்டாமவன் தலை நரைத்தவன். அதிகம் பேசவில்லை. மூடியைத் திறந்து, கையை முழங்கைவரை விட்டு, அள்ளி எடுத்த ஒரு பிடி மயிரைக் காட்டிவிட்டு, எப்போது வரலாம் என்று கேட்டான். எனக்குப் பிடித்திருந்தது. கேள்வியர் தகப்பனைப் பற்றிக் கேட்டார். "அதுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்றான் அவன். அத்தோடு அந்தச் சம்பந்தம் முறிந்தது.

இதற்கிடையில் நாங்கள் மூவரும் ஒரே அறையில், இருக்கிற கம்பளியெல்லாவற்றையும் போட்டுக்கொண்டு படுத்தோம். இவருக்கு, என் கணவருக்கு, பொறுமை போய்விட்டது.

"அண்ணை, நாங்கள் தூசி எடுக்கிறதுக்கு ஆள் தேடுறமோ, மாப்பிளை தேடுறமோ?"

"தம்பி, மாப்பிளை பிழைச்சால் பிரிச்சு விடலாம். இது மூச்சு."

 

கடைசியாகக் கேள்வியர் முகமெல்லாம் சிரிப்போடு வந்தார். ஆள் கிடைத்துவிட்டான். பெயர் பொப். குடிப்பதில்லை. ஞாயிறு தவறாமல் கோயில். படுக்கையில் கிடக்கும் தாயைத் தன் கையால் குளிப்பாட்டுகிறான். கேள்வியர் அவன் வீட்டுக்கே போய், தாயோடு தேத்தண்ணி குடித்து, அவளுடைய இளமைக்காலக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு வந்திருந்தார். "எங்கடை ஆக்களிலையும் இப்பிடி ஒரு பிள்ளையைக் காணேலாது. பொம்பிளைப் பிள்ளை இருந்தால் குடுத்திடுவன்."

பொப் வந்தான். உண்மையிலேயே தங்கமான பிள்ளை. வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். ரவியின் தலையைத் தடவினான். இயந்திரத்தைக் கொண்டுவந்து, பெரிய குழாயைப் பூட்டி, இருப்பறைச் சல்லடையில் பொருத்தினான். கேள்வியர் கலியாண வீட்டில் பொம்பிளையின் தகப்பன்போலக் கதிரையைப் போட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். ரவி அவர் மடியில்.

பொப் சுவிச்சைப் போட்டான்.

உறிஞ்ச வேண்டிய இயந்திரம் ஊதியது. மற்ற எல்லா அறைகளிலும் இருந்த மூடிகள் துள்ளி எழும்பின. தலைமுறை தலைமுறையாகக் கிடந்த நாய்மயிரும் கரியும் தூசியும் வீடு முழுக்கக் கிளம்பின. குசினியில் சோறு கறுத்தது. பிள்ளையார் படத்தில் பிள்ளையாருக்கு மீசை முளைத்தது. பொப் "சொறி, சொறி" என்று கத்திக்கொண்டு சுவிச்சைத் தேட, அவனுடைய வெள்ளை முகம் கறுத்து, கண் இரண்டு மட்டும்தான் தெரிந்தது. சிரித்திருப்போம். ஆனால் இருமிக்கொண்டிருந்த ரவியின் சத்தம் நின்றுவிட்டது.

இருமல் கேட்டால் பயமில்லை என்பதை அன்றுதான் படித்தேன். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். உதடு நீலமாகியது. கேள்வியர் அவனை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார், சப்பாத்தில்லாமல். அம்புலன்ஸ் வந்தது. எனக்கு இன்றைக்கும் பக்கத்து வீட்டில் தூசி உறிஞ்சும் மெசினைப் போட்டாலே, ரவி எந்த அறையில் என்று கால் தானாக நடக்கும்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை தப்பிவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் இவருக்குக் கோபம் வந்தது. நடையில் வைத்து, சத்தம் போடாமல்தான் கேட்டார்.

"அண்ணை, தேப்பனைக் கேட்டனீங்கள். தாயைக் கேட்டனீங்கள். கோயிலைக் கேட்டனீங்கள். வேலை தெரியுமோ எண்டு கேட்டனீங்களோ?"

கேள்வியர் வாயைத் திறந்தார். கோட்டில் ஒட்டியிருந்த மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"இல்லைத் தம்பி. அது கேக்கேல்லை."

பொப்பின் முதல் வீடு எங்கள் வீடுதான் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரம் டொக்டர் வெளியே வந்தார். வேறு நாளென்றால் கேள்வியர் அந்த மனிதரின் பூட்டன்வரை விசாரித்திருப்பார். அன்று சுவரோடு ஒதுங்கி வழி விட்டார்.

அதன் பிறகு அவர் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் அவருடைய அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். "ஏன் தம்பி? நீர் கேட்டது சரியான கேள்வி. எனக்கே வராத கேள்வி" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம். பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது, புதிதாக வந்திறங்கிய ஒரு குடும்பத்தை அவருக்கு அறிமுகம் செய்தோம். கேள்வியர் கும்பிட்டு, "சந்தோசம்" என்றார். அவ்வளவுதான். அந்தக் குடும்பம் ஒன்றும் நினைக்கவில்லை. நாங்கள்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தலை நரைத்த அந்த மனிதனைத் தேடிப்பிடித்து நான்தான் வரவழைத்தேன். பேசாமல் வந்து, பேசாமல் உறிஞ்சிக்கொண்டு போனான். அடுத்த குளிர்காலம் வீடு கதகதவென்று இருந்தது. ரவியின் நெஞ்சும் அடங்கியது. அந்தக் குளிர்காலத்தில்தான் கேள்வியர் சிட்னிக்கு வேலை மாறிப் போனார்.

வழியனுப்ப ஸ்பென்சர் தெரு ஸ்டேசனுக்குப் போனோம். மேடையில் குளிர்காற்று. ரவி ஓடத் தொடங்கினான். "டேய், நெஞ்சு! ஓடாதை!" என்று கத்தினேன்.

"விடுங்கோ தங்கச்சி. ஓடட்டும். அதைப் பாத்திட்டுப் போறன்."

அவன் மேடையின் அந்தம்வரை ஓடித் திரும்பி வந்தான். கேள்வியர் குந்தியிருந்து அவன் நெஞ்சில் காதை வைத்தார். கனநேரம் எடுக்கவில்லை. எழும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சத்தமும் இல்லை" என்றார். பிறகு ரெயில் ஏறினார்.

ரவி இப்போது என் உயரத்துக்கு வந்துவிட்டான். எனக்குத்தான் அந்த மேடை விட்டுப்போகவில்லை. சிட்னியில் எங்கே இருக்கப்போகிறார், யார் சமைத்துக் கொடுப்பார்கள், அங்கே ஸ்டேசனில் அவரைக் கூட்டிப்போக யாராவது வருவார்களா? அத்தனை பேர் நின்றோம். ஒருவராவது அவரை விசாரித்திருக்கலாம்.