எட்டுக் கீறலும் ஏழு ரீடிங்கும்

அளக்கத் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்று இருபத்தெட்டு வயதில் நம்பியவன் நான். ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர் (போலீஸ் இல்லை, உதிரிபாகங்களை அளந்து 'பாஸ்' போடுகிறவன்). மூக்கின்மேல் சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் பார்த்தே மூன்று பெண் வீட்டார் நழுவிவிட்டார்கள். நாலாவதும் நழுவினால் கல்யாண ஆசையை மூட்டை கட்டவேண்டியதுதான் என்று பயந்து, ஆபரேஷனுக்குத் தயாரானேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் பக்கம் லேசர் வரவில்லை, வைரக் கத்திதான். கருவிழியின் நடுவை விட்டுவிட்டு, சைக்கிள் சக்கரக் கம்பிபோலச் சுற்றிலும் எட்டுக் கீறல். ஆழம் கூடக்கூடப் பவர் குறையும். ரொம்பக் கூடினால் கண்ணுக்கே ஆபத்து.

"டாலரன்ஸ் எவ்வளவு டாக்டர்?" என்றேன், அளவு எவ்வளவு பிசகலாம் என்று கேட்கும் தொழில் புத்தியில்.

டாக்டர் இந்த ஊரிலேயே பிறந்த தமிழர். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கத்தி என் பொறுப்பு. காயம் ஆறுறது கண்ணோட பொறுப்பு. சில மாசம் பார்வை ஏறி இறங்கும். கண்ணாடியைப் பத்திரமா வெச்சுக்கோங்க. ஜல்தி நக்கோ."

அவசரப்படாதே என்கிறார். நான் கேட்பேனா? கட்டுப் பிரித்ததும் தினமும் காலை ஏழு மணிக்குக் குகட்பள்ளி வீட்டு மொட்டைமாடியில் நின்று, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எண்ணைப் படித்து நோட்டில் குறித்தேன். ஏழு நாள், ஏழும் பாஸ். (மாலையில் மங்கலானது ஷிப்ட் களைப்பு என்று தீர்ப்பெழுதிவிட்டேன்.) அம்மா வேண்டிக்கொண்டபடி, கண்ணாடியை முருகன் கோயில் உண்டியலில் போட்டோம்.

மறுநாள் மாலை ஐந்தரைக்குப் போவன்பள்ளியில் பெண் பார்த்தல். கூடத்தில் மஞ்சள் பட்டில் ஓர் உருவம், தலை நிறையப் பூவோடு அடக்கமாக நின்றது. புன்னகைத்தேன். பதில் இல்லை. வெட்கம்போல என்று இன்னும் அகலமாகச் சிரித்தேன்.

"ஃப்ரிட்ஜைப் பாத்து ஏன்டா பல்லை இளிக்கற?" என்று அம்மா காதில் கிசுகிசுத்தாள்.

மஞ்சள் உறை போட்ட ஃப்ரிட்ஜ். மேலே பிளாஸ்டிக் பூச்சாடி. பெண் அகிலா, எதிர்ப்பக்கத்திலிருந்து காபியோடு வந்துகொண்டிருந்தாள். நாலாவதும் போச்சு. இனி மறைத்து என்ன பயன் என்று ஆபரேஷன், நோட்டு, உண்டியல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அகிலா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டிராயிங் பிரிவில் வேலை பார்த்தாள். "ரீடிங் எல்லாம் எத்தனை மணிக்கு எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"காலைல ஏழு மணிக்கு."

"ஏழு நாளுமா?"

"ஏழு நாளும்."

"அப்ப செகண்ட் ஷிப்டை யார் செக் பண்றது?"

மாலையில் எடுத்த ரீடிங் ஒன்றுகூட என் நோட்டில் இல்லை. அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவு கிட்டத்தில் எனக்கு எந்த நேரத்திலும் நன்றாகத் தெரியும். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இவள் வேண்டாமென்று சொல்லிவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முகூர்த்தம் குறிக்கப் போன இடத்தில் புரோகிதர், இந்த ஊர் வழக்கப்படி ராத்திரி முகூர்த்தம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். மாமனார் பதறிப்போய்ச் சொன்ன பதிலை, எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் அகிலா இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்:

"ராத்திரி நக்கோ சாமி. மாப்பிள்ளைக்குக் கண்ணு தெரியற நேரமாப் பாத்து குறிங்க."