பாதியில் நின்ற திருஷ்டி

உலகப் பொருளாதாரம் படுத்ததற்கு "என் தப்புதான்" என்று ஒத்துக்கொண்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, கும்மிடிப்பூண்டி பூசணிக்காய்தான். பெரிய வங்கிக்காரர்கள்கூட அப்படி வாய் திறக்கவில்லை.

இரண்டாயிரங்களில் அங்கே ஒரு கம்பி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு எதிரே அவர் டீக்கடை. பின்னால் வற்றாத கிணற்றோடு அவர் நிலம். கத்தரி, கீரை, வரப்பெல்லாம் சாம்பல் பூசணி. எது நடந்தாலும் கண் திருஷ்டி என்பார். ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் எங்கள் முதலாளி ஓவர்டைமை வெட்டுவார். ஓவர்டைம் இல்லாவிட்டால் டீ போணியாகாது. ஆகவே வட்டி கால் சதவீதம் ஏறினால் கடை வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்கும். அரை சதவீதம் என்றால் பூசணிக்காய். அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே அப்படித்தான்.

"வட்டி எறங்கினா என்ன பண்ணுவ நைனா?"

"அதுக்கும் ஒண்ணு ஒடைக்கணும் சார். நல்லது நடந்தாதான் ஜாஸ்தி கண்ணு படும்."

அப்போதுதான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அவர் நிலத்தைக் கேட்டது. நிலம் கொடுக்கும் வீட்டில் ஒருவருக்கு வேலை என்று புரோக்கர் சொன்னார். ஐ.டி.ஐ. முடித்த மகன் வீட்டிலிருந்தே வேலைக்குப் போவான் என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை.

இடம் பார்க்க வெள்ளைக்காரர் வந்தார். கார் நின்றதுதான் தாமதம், குங்குமம் அடைத்த பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி, நம்மவர் முன்னால் நின்று சுற்ற ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது சுற்றில் கை வழுக்கி, காய் பானட்டின் மேலேயே உடைந்தது. கண்ணாடியெல்லாம் சிவப்பு. வெள்ளைக்காரர் போராட்டம் என்று நினைத்தாரோ, பலி என்று நினைத்தாரோ, கார் மெயின் ரோடு வரை ரிவர்ஸிலேயே போனது.

"சார், இன்னும் ஒரு சுத்து பாக்கி கீது சார்!" என்று இவர் பின்னாலேயே ஓடினார்.

புரோக்கர் சமாதானம் சொல்லி அழைத்துவந்து, நிலமும் கைமாறியது. கிணற்றை மூடினார்கள், சுவர் எழுப்பினார்கள். அதற்குள் வெளிநாட்டில் வங்கிகள் கவிழ்ந்தன. வந்துகொண்டிருந்த பணம் நின்றது. அந்த மண்ணில் பயிரும் இல்லை, மெஷினும் இல்லை. மகன் பெங்களூருக்குப் போய்விட்டான். கடையை மூடிவிட்டு, தன் நிலத்துக்கே வாட்ச்மேனாக உட்கார்ந்தார் பூசணிக்காய்.

"நான்தான் சார் கெடுத்தேன். திருஷ்டி பாதியில நின்னுடுச்சு. இல்லாங்காட்டி கம்பெனி வந்திருக்கும், புள்ள ஊட்டோட இருந்திருப்பான்."

அமெரிக்காவில் கட்ட முடியாதவர்களுக்கெல்லாம் வீட்டுக் கடன் கொடுத்து வங்கிகள் கவிழ்ந்த கதையை நானும் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவங்களுக்கும் கண்ணு பட்டுக்கீது" என்றார்.

எங்கள் ஆலையும் ஆட்டம் காண, நான் வேறு வேலைக்குக் கிளம்பினேன். கடைசி நாள் என் பைக்கை மறித்தார். கையில் பூசணிக்காய், இந்தத் தடவை ஊத்துக்கோட்டைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கியது. நிதானமாக மூன்று சுற்றும் சுற்றி, முச்சந்தியில் உடைத்தார்.

"இந்த தபா முழுசா சுத்திட்டேன் சார். உன் வேலை எங்கியும் போவாது."

இன்றுவரை போகவில்லை. அந்த மனிதருக்குச் சுற்றிப்போடத்தான் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.