சொட்டு மருந்துக் கண்ணோடு ஒரு பெண் பார்க்கும் படலம்

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் தலை நிமிரவில்லை என்றால் அதற்கு அடக்கம் என்று பெயர். எனக்கும் அந்தப் பெயர் கிடைத்தது. உண்மையில் நிமிர்ந்துதான் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நாவலூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைக்க ஆரம்பித்த காலம். மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே கண் ஆராய்ச்சிக்கான பொதுக் கருவிக்கூடத்தில் எனக்கு வேலை. எந்தத் துறையும் தனியாக வாங்க முடியாத விலையுள்ள கருவிகளை ஒரே இடத்தில் வைத்து, எல்லாத் துறைக்கும் முறை போட்டுக் கொடுப்போம். விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவுக்குத்தான் ஏக கிராக்கி. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த நாள் மாதிரி சண்டை நடக்கும். முறையைத் தவறவிட்டால் மறுபடி கிடைக்க ஒரு மாதமாவது ஆகும்.

அன்று இயற்பியல் துறை மாணவர் ஒருவரின் முறை. கண்ணைக் காட்ட ஒப்புக்கொண்ட ஆள் வரவில்லை. மாணவர் அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு இளகிய மனசு (அம்மா பாஷையில், இளிச்சவாய்). கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை நானே விட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் ‘இன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்’ என்று ஒப்பிக்கிறவள் நான்தான். பெண் பார்க்கும் நாள் பற்றி அந்தப் பட்டியலில் எதுவும் இல்லை.

சாயங்காலத்துக்குள் மருந்து இறங்கிவிடும் என்று நம்பி செங்கல்பட்டு பஸ் ஏறினேன். இறங்கவில்லை. வீட்டில் அம்மா மூக்குக்கண்ணாடியையும் பிடுங்கிக்கொண்டாள்.

“சோடாபுட்டியோட நின்னா எவன் கட்டிப்பான்? கய்ட்டு.”

ஹாலில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண் கூசியது (விருந்தாளிகளுக்காக அன்றுதான் இன்னொன்று மாட்டியிருந்தார்கள்). நாற்காலி ஒன்றில் நீலமாக ஏதோ தெரிந்தது. மாப்பிள்ளைதான் என்று குனிந்து காபித் தட்டை நீட்டினேன். எடுக்கவில்லை. கூச்ச சுபாவம் போல என்று இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

“அது நாங்க கொண்டாந்த பழப் பைங்க. காபி குடிக்காது. இப்டி குடுங்க” என்றது பக்கத்து நாற்காலி, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. அதுதான் மாப்பிள்ளை ஏழுமலை.

கடப்பாக்கத்திலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா என் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். “இன்னாமா கண்ணு இது, எம்மாம் பெருசா கருகருன்னு கீது.” (பாராட்டு முழுவதும் மருந்துக்கே சேரும்.)

அவர்கள் கிளம்பியதும் அம்மா பிடித்துக்கொண்டாள். “பையன் எப்டி கீறாரு? நாளைக்குள்ள சொல்லணும்.”

“குரல் நல்லா இருந்திச்சு.”

“குரலையா கட்டிக்கப் போற?”

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. முகம் தெரியாமல் சரி என்று சொல்ல முடியவில்லை. ஊர் சிரிக்காமல் என்னைக் காப்பாற்றிய மனுஷனை விட்டுவிடவும் மனசில்லை. இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றால் வீடு இரண்டாகும்.

மறுநாள் காலை பார்வை தெளிந்ததும் முதல் வேலையாக அவர் வேலை பார்க்கும் நாவலூர் கம்பெனிக்கு போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

“மத்தியானம் வரேங்க” என்றார்.

ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாதவரை உள்ளே விடக்கூடாது. அதைக் கறாராகச் சொல்கிறவளும் நான்தான். நல்லவேளை, அன்றைய முறை உளவியல் துறைக்கு. அவர்களுக்கு எப்போதும் கண் பஞ்சம். ஏழுமலை தன் கண்ணைத் தர ஒப்புக்கொண்டு உள்ளே வந்தார்.

“நல்லா பாத்துக்குங்க” என்று கேமராவின் தாங்கியில் தாடையை வைத்தார்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். புருவத்தில் ஒரு தழும்பு. கொஞ்சம் பெரிய காது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த வாய். பிடித்திருந்தது. பிறகு, வேலையாயிற்றே, விழித்திரையையும் பார்த்தேன். அங்கேயும் குறையில்லை. அங்கிருந்தே அம்மாவுக்கு போன் செய்து சரி என்றேன்.

அன்று எடுத்த விழித்திரைப் படத்தின் பிரதி ஒன்றை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று அது எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில், வட்டமாக, செக்கச்செவேல் என்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் தோசையா என்று கேட்பார்கள். அம்மா யாரையும் பதில் சொல்ல விடமாட்டாள்.

“எங்க மாப்ளதான் அது. மத்த பொண்ணுங்க மூஞ்சிய பாத்து கட்டிக்குதுங்க. எம் பொண்ணு உள்ள பூந்து பாத்துட்டுதான் சரின்னா.”